நாற்பத்தெட்டு வளைவுகள்

அத்தியாயம் 9

மரியம் செய்தது ஒரே ஒரு தப்பு. அதையும் ஆசையாகத்தான் செய்தாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் கணவர் கலீலுர் ரஹ்மானின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்குக் கண் பரிசோதனை கட்டாயம். பரிசோதிக்கிற கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் ராஜிக். கீழக்கரைக்காரன், மரியத்தின் தெருவில் அரைக்கால் சட்டையோடு ஓடித் திரிந்தவன். கலீலை அண்ணன் முறையில் காக்கா என்றும், அவளை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிடுகிறவன். பரிசோதனைக்கு முந்தின நாளே அவள் போய், "தம்பி, ஒங்க காக்காவுக்கு வயசாகுது. ஃபெயிலுன்னு மட்டும் போட்டுறாத. ஐரோப்பா போற நேரத்துல மனசு ஒடிஞ்சு போவாக" என்று சொல்லிவிட்டு வந்தாள். பரதேசத்தில் ஊர்க்காரன் என்று ஒருவன் இருப்பது பின்னே எதற்காம்? லைசென்ஸ் வந்தது. வீட்டில் பால் பாயசம் வைத்தாள். அதுவரைக்கும் நமக்குத் தெரிந்த கதைதான்.

இந்த வெள்ளிக்கிழமை காலை, வளைகுடா நகரின் முசஃபா ஷாபியாவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இடியாப்பத்துக்கு இடமில்லை. மேஜை முழுக்க மேப். நான்கு மூலையிலும் சீனி டப்பா, ஊறுகாய் பாட்டில், ஆமிராவின் லேப்டாப், கலீலின் கண்ணாடிக் கூடு.

"வாப்பா, லிஸன்" என்றாள் ஆமிரா. இருபத்துநாலு வயது. ஒரு ஆபீஸில் எச்.ஆர். பிரிவில் வேலை. யாருக்கு என்ன லீவு என்று பார்த்துப் பார்த்து, பெற்றவர்களையும் ஸ்டாஃப் மாதிரி நடத்தப் பழகியிருந்தாள். "டே ஒன் மியூனிக்ல பைக் எடுக்கறீங்க. டே டூ இன்ஸ்ப்ரூக். டே த்ரீ ரெஸ்ட்."

"ரெஸ்ட் எதுக்கு? நாங்க என்ன கெழடு கட்டையா?"

"உம்மாவோட முதுகுக்கு."

"ஏம் முதுகப் பத்தி ஒனக்கென்ன புள்ளே கவல?" என்று அடுப்படியிலிருந்து மரியம் குரல் கொடுத்தாள். உள்ளுக்குள் சிரிப்பு. ஐம்பது வயதில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு புருஷன் பின்னால் உட்கார்ந்து மலை ஏறப்போகிறவள் கீழக்கரையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாத்தனார்கள் கேட்டுவிட்டு வாயடைத்துப் போயிருந்தார்கள். அதிலேயே பாதிப் பயணம் போய்வந்த திருப்தி.

"டே ஃபோர்தான் மெயின்" என்றாள் ஆமிரா. "ஸ்டெல்வியோ."

கலீலின் விரல் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தது. இத்தாலியில் மலையுச்சிக்குப் போகிற பாதை அது. ஒரு பக்கத்தில் மட்டும் நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. முப்பது வருஷத்துக்கு முன்னால், முசஃபாவுக்கு மெக்கானிக்காக வந்த புதிதில், எட்டுப் பேர் படுத்த கேம்ப் ரூமில் யாரோ விட்டுப்போன காலண்டரில் அந்தப் படம் இருந்தது. வருஷம் முடிந்து காலண்டர் குப்பைக்குப் போனபோது அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார். ரூம் மாறினார், ஒர்க்‌ஷாப் மாறினார், பெட்டி மாறியது. தாள் மட்டும் கூடவே வந்தது. இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப். ஊரெல்லாம் சாப்பாடு கொண்டு ஓடுகிற டெலிவரி வண்டிகளுக்கு வைத்தியம். ஊர்ப் பையன்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னால், "இது எந்த மலை ஏறும்?" என்று கேட்பார். வேடிக்கைக்குத்தான் கேட்கிறார் என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"இந்த வளைவுல நிறுத்தி ஒரு போட்டோ" என்று சொல்லிக்கொண்டே கையைத் திருப்பினார். இடது முழங்கை பட்டு, தேத்தண்ணிக் கிளாஸ் சாய்ந்தது. மேப்பில் ஒரு நாடே நனைந்தது.

"போச்சு, ஸ்விட்சர்லாந்து ஃப்ளட்!" ஆமிரா டிஷ்யூவை அள்ளிப்போட்டாள். "இதுக்குத்தான் மடிச்சு வைக்கிறேன்னு சொன்னேன். வாப்பா, இந்த வாரத்துல மூணாவது கிளாஸ்."

கலீல் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். துணியோடு வந்த மரியம் அதைக் கவனிக்கத்தான் செய்தாள். ஆனால் பயணம் கிளம்பிவிட்ட மனசை ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்காக யார் திருப்பிக் கூப்பிடுவார்கள்? துடைத்துவிட்டுப் போனாள்.

ஜும்ஆவுக்குக் கிளம்பியவர், தொழுதுவிட்டு நேரே ஒர்க்‌ஷாப் போய்ச் சொந்த வண்டிக்கு ஆயில் மாற்றப்போவதாகச் சொன்னார்.

"சாப்பாடு?"

"சோலைமுத்து இருக்கான். எதாச்சும் வாங்கிக்கிறோம். மேப்ப மடிச்சிராதீக."

தொழுகை முடிந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராஜிக்.

"ராத்தா, ஆமிரா ஸ்டேட்டஸ் பாத்தேன். நீங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிக்கிறீக."

"அதுக்கா போன் பண்ணின? நல்லாருக்கா?"

"காக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாகளா?"

"என்ன ஆஸ்பத்திரி?"

"அன்னைக்குக் காக்காட்ட லெட்டர் குடுத்தேனே ராத்தா. கண்ணு டாக்டருக்கு."

மரியத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எந்த லெட்டர்? பவரு ஏறியிருக்கா?"

"பவரு இல்ல ராத்தா." அவன் குரல் இறங்கிவிட்டது. "கண்ணுக்குள்ள அழுத்தம். வலது கண்ணால பலகைல இருந்த எழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சாக. அத மூடச் சொல்லிட்டு இடது கண்ணால பாக்கச் சொன்னா, பலகை எங்க இருக்குன்னு கேட்டாக. முக்காவாசி போயிருச்சு. ரெண்டு கண்ணையும் தொறந்தா நேரா இருக்குறது தெரியுது, இடப்பக்கமா வர்றது தெரியாது. நா பாஸ்னு போட்டுட்டேன். போட்டதுலேருந்து எனக்கு ஒறக்கமில்ல. நீங்க வந்து சொன்னீகளேன்னுதான் போட்டேன். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றீகன்னு நெனச்சேன்."

"அவுகளுக்கு எழுத்து மங்குதுன்னுதானப்பா எனக்குத் தெரியும்" என்றாள். ராஜிக் மன்னிப்புக் கேட்டான். அவனை மன்னிக்க அவள் யார்? ஆழம் தெரியாமல் காலை விட்டது அவள். அவன் கையையும் பிடித்து இழுத்தது அவள்.

அடுப்பை அணைத்தாள். நெய்ச்சோற்றையும் தாளிச்சாவையும் டிபன் கேரியரில் போட்டாள். எதற்குப் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டை விட்டு இறங்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்திருந்த ஆமிராவிடம், "வாப்பாவுக்குச் சோறு குடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தாள்.

வழி நெடுக, இடப்பக்கமாக உரசிக்கொண்டு கடக்கிற கார்களையே பார்த்துக்கொண்டு போனாள். இந்த நாட்டில் வேகமாகப் போகிறவன் எல்லாம் இடப்பக்கமாகத்தான் தாண்டிப் போகிறான். ஐரோப்பாவிலும் ரோடு இப்படியேதான் என்று ஆமிரா சொல்லியிருக்கிறாள். அந்த மலைப்பாதையில் எதிரே வருகிற வண்டி இடப்பக்கம்தான் வரும். வளைவுக்கு ஒரு வண்டி வந்தாலும் நாற்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முசஃபாவின் பட்டறைத் தெருக்கள் ஓய்ந்து கிடந்தன. பக்கத்து வெல்டிங் ஷெட்டின் நிழலில் சோலைமுத்து குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். பதினாறு வருஷமாகக் கலீலின் கூட்டாளி. வெள்ளிக்கிழமை விடியலில் இருவரும் வண்டி எடுத்துக்கொண்டு பாலைவன ரோட்டில் போய்வருவது வழக்கம். கடந்த ஆறு வாரமாக மரியமும் பின்னால் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. இந்த வெயில்ல எதுக்கு..."

"ஒண்ணு கேக்கணும் தம்பி. வெள்ளிக்கெழம நாம போறப்ப, நீங்க ஏன் எப்பவும் அவுக இடது பக்கமாவே வர்றீக?"

சோலைமுத்து குப்பூஸைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

"ஹாரன் அடிச்சு ஹாரன் அடிச்சு வருவீக. பேச்சுத் துணைக்குன்னு நா நெனச்சேன்."

"ஒரு ஹாரன்னா வண்டி வருது. ரெண்டுன்னா போயிருச்சு" என்றான் தலையைக் குனிந்தபடி. "அப்புடிப் பேசி வச்சிருக்கோம் மதினி. ஒரு வருசமா." பிறகு நிமிர்ந்தான். "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல அண்ணே சொன்னாரு?"

மரியம் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள்.

பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. கலீல் ஸ்டூலில் உட்கார்ந்து தம் வண்டியின் டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ பழைய பாட்டை மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். ஷட்டர் அவருக்கு இடப்பக்கம். இரண்டு எட்டு தள்ளி வந்து நின்றாள்.

அவர் திரும்பவில்லை.

ஒரு கையை மெதுவாக உயர்த்தினாள். இங்கே இருக்கிறேன் என்பதுபோல் அசைத்தாள். அவர் துணியை உதறி மடித்து மறுபடி துடைத்தார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷி இரண்டு எட்டில் நிற்கிறாள், அவரைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை. மரியத்துக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். டிபன் கேரியரின் கொக்கி சத்தமிட்டது.

"யாரு? அட, மரியமா? எப்ப வந்த?"

"இப்பத்தான்."

"சோறா? அதான் வாங்கிக்கிறேன்னேன்ல."

"ராஜிக் போன் பண்ணினான்."

துடைத்த கை நின்றது. "என்னவாம்?"

"ஒங்க கண்ணப் பத்தி."

"இதுல போன் பண்ண என்ன இருக்கு?" என்றார் சாதாரணமாக. "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அந்தச் சாதாரணம்தான் அவளைக் குலைத்துப்போட்டது. பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தாள்.

கலீல் ஸ்டூலைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார். "ஒன்ட்ட இதப் பத்திப் பேசவே இல்ல. நீயும் பேசல. நீ பேசாம இருக்கையில நா ஏன் கெளறணும்னு விட்டுட்டேன். இப்பச் சொல்றேன். அன்னைக்கு ராஜிக்ட்ட, என்னைய ஃபெயில் பண்ணிரு தம்பின்னு நாந்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"நாந்தான். ஒரு வருசமா சோலைமுத்து தயவுல ஓட்டுறேன். எத்தன நாளைக்கு? ஃபெயிலுன்னு வந்தா, லைசென்ஸ் இல்ல, போக முடியலன்னு ஒங்க ரெண்டு பேருட்டயும் சொல்லிறலாம். கண்ணப் பத்திச் சொல்ல வேண்டாம் பாரு. அப்பத்தான் அவன் சொன்னான், ராத்தா நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாக காக்கா, எப்புடியும் பாஸ் போடணுமாம்னு."

மரியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நா அங்கேயே உக்காந்துட்டேன். இவளுக்கு எப்புடியோ தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும், கண்ணு இருக்கையிலேயே பாத்துட்டு வந்துருவோம்னு ஏம் பின்னாடி ஏற வர்றா. பயப்புடாம. கல்யாணம் பண்ணி பன்னெண்டு வருசம் ஒன்ன ஊர்ல விட்டுட்டு இங்க கெடந்தேன். நா ஒனக்கு என்ன செஞ்சுட்டேன்னு நீ இதச் செய்யிறன்னு நெனச்சு நெனச்சு... இந்த ஆறு வாரம் மாதிரி நா எப்பவும் சந்தோசமா இருந்ததில்ல மரியம்."

பொய் சொல்லலாம். ஆமாம், தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷம் அவரிடமே இருக்கும். சொல்லிவிட்டு வண்டியில் ஏறவும் வேண்டும். ஏறினால் என்ன ஆகும்? ஒரு பொய்யைப் போடச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "சத்தியமாத் தெரியாது. பவரு கூடியிருக்கும், அதுக்குப் போயி ஃபெயிலாக்கிருவான்னு நெனச்சேன்."

கலீல் கையிலிருந்த துணியை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார்.

"அப்ப, ஒண்ணும் தெரியாமத்தான் ஆறு வெள்ளிக்கெழமையும் பின்னாடி உக்காந்தியா?"

"ஆமா."

"யா அல்லாஹ்." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "ஒனக்கு எதாச்சும் ஆயிருந்தா? ஆமிராட்ட என்னன்னு சொல்லியிருப்பேன்?"

எழுந்து போய் அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்பில் வைத்து, ஷட்டர் பாதி திறந்திருக்க, அவள் இதுவரை அப்படிச் செய்ததில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். மருந்து பற்றிக் கேட்டாள். தினம் ராத்திரி ஒரு சொட்டு, கடை பூட்டுமுன் ஊற்றிக்கொள்கிறாராம். மருந்து பாட்டில் கடை ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் இருந்தது. போனது வராது, விட்டுவிடாமல் ஊற்றினால் வலது கண்ணாவது நிற்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"சரி, வா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த இரண்டு ஹெல்மெட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். அவளுக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியது, தலைத்துணிக்கு மேல் போடுகிற அளவு. "வீட்டுக்குப் போவோம். மெதுவாப் போறேன். சோலைமுத்து கூட வருவான். கடைசியா ஒருதடவ."

பத்து நிமிஷ தூரம்தான். வெள்ளிக்கிழமை, ரோடு காலி. நீட்டிய கையையும் அந்த முகத்தையும் பார்த்தால் கல்லும் ஏறி உட்காரும். மரியத்துக்கும் ஏற ஆசையாகத்தான் இருந்தது.

"நா ஏற மாட்டேன்" என்றாள். "நீங்களும் ஓட்ட வேண்டாம்."

"நம்பிக்க இல்லையா?"

"ஒங்கள நம்புறேன். இடப்பக்கத்துல வர்றவன நா எப்புடி நம்புறது?"

ஹெல்மெட்டை அவர் திரும்ப ஆணியில் மாட்டினார். முதல் தடவை ஆணி தப்பியது, தடவிப் பார்த்து மாட்டினார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். கோபமாக வைத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பத்திரமாக, பிள்ளையின் கையில் கொடுப்பதுபோல வைத்தார்.

சோலைமுத்து பிக்கப்பைக் கொண்டுவந்தான். இரண்டு ஆண்களும் வண்டியைப் பலகை வைத்து ஏற்றினார்கள். கயிறு போட்டுக் கட்டினான் சோலைமுத்து. கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

முன்சீட்டில் மூன்று பேர். வழக்கம்போல் அவளை நடுவில் ஏறச் சொல்லி ஒதுங்கி நின்றார் கலீல்.

"நீங்க நடுவுல உக்காருங்க" என்றாள்.

அவர் ஏறினார். அவள் வலது ஜன்னல் ஓரமாக, அவர் பார்க்க முடிகிற பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்குப் புரிந்தது. அவள் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

மலை எங்கேயும் ஓடிவிடாது. ரயிலில் போகலாம், பஸ்ஸில் போய்க்கூடப் பார்க்கலாம். மரியத்தின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முப்பது வருஷமாக வண்டியில் அந்த மலை ஏறிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் இன்றைக்கே பஸ்ஸைப் பற்றிப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

ஷாபியாவுக்குத் திரும்புகிற சிக்னலில் சிவப்பு விழுந்தது. மரியத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"உம்மா, வாப்பா இருக்காங்களா? பைக் கம்பெனி இன்ஷூரன்ஸ் ஃபார்ம் அனுப்பிட்டாங்க. இன்னிக்கே குடுத்தா கன்ஃபர்ம். எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். லாஸ்ட் கொஸ்டின் மட்டும்தான். ஓட்டறவங்களுக்குக் கண்ணு, ஹார்ட், வலிப்பு, ஏதாவது ப்ராப்ளம் இருக்கான்னு கேக்கறாங்க. 'நோ' போட்டுறவா?"

சோலைமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தான். கலீல் வாயைத் திறந்தார், மூடினார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் கண்ணாடிக் கடையில் இதே கேள்விக்கு அவள்தான் பதில் சொன்னாள்.

"போடாத" என்றாள் மரியம். "இருக்குன்னு போடு."

"என்னம்மா ஜோக்கா? 'எஸ்' போட்டா பைக் தர மாட்டாங்க."

"தெரியும் புள்ளே. போடு."

அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. "உம்மா?" ஆமிராவின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. "வாப்பா எங்க? வாப்பாட்ட குடுங்க. என்னாச்சு?"

கலீல் போனை வாங்கினார்.

"ஒண்ணுமில்லம்மா. வந்துட்டோம்" என்றார். "அந்த மேப்ப மட்டும் மடிச்சிராத. நா வந்து பாக்கணும்."